அரை மார்க் ஷோபனா

ஷோபனா மௌன விரதம் எடுத்துவிட்டாளாம்.

இந்தச் செய்தி நீடாமங்கலத்திலிருந்து மஸ்கட்டுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வாய் மாறிவிட்டது. பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மீரா சாகிப் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் தன் அண்ணன் ஹாஜா மைதீனோடு போனில் அம்மாவின் முழங்கால் வலியெல்லாம் பேசி முடித்த பிறகு, போகிற போக்கில் இதையும் சொல்லி வைத்திருக்கிறாள். ஹாஜா மைதீன் ஒரு ரோடு போடும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அதே கம்பெனியில் அளவு எடுக்கும் பிரிவில் இருப்பவன் சூர்யபிரகாஷ், ஷோபனாவின் தம்பி. காணும் பொங்கலன்று காலை பத்து மணி டீயின்போது ஹாஜா மைதீன் பேச்சை எடுத்தார்.

"என்ன தம்பி, உங்க அக்கா சாமியாராயிட்டாங்களாமே."

"அவளா? அவ சாமியாரானா சாமி எந்திரிச்சு வேற ஊர் பார்த்துப் போயிடும் பாய்."

"விளையாட்டில்லப்பா. மௌன விரதமாம். நேத்து எங்க மச்சான் கடைக்கு ரீசார்ஜுக்கு வந்திருக்காங்க. வாயே திறக்கலையாம். போனைக் காட்டி, விரலைக் காட்டி, எல்லாம் சைகைதானாம். நம்பர் சொல்லுங்கன்னு கேட்டதுக்குத் துண்டுச் சீட்டுல என்னமோ எழுதிக் குடுத்தாங்களாம். நம்பரும் இல்லையாம், தமிழும் இல்லையாம். மந்திரம் மாதிரி இருந்துச்சாம். அப்புறம் மச்சானே போனை வாங்கி, நம்பரைப் பார்த்து ரீசார்ஜ் போட்டுவிட்டாராம். கடை கூட்டுற வேம்பு அதை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் பர்சுல வச்சுக்கிட்டாளாம்."

சூர்யா சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் சிந்தியது. பொங்கலன்றுகூடக் குடும்பக் குரூப்பில் நாற்பது விநாடி விடாமல் பேசியிருந்தாள். அவளுக்கா விரதம்? அவளைப் பற்றி ஊரில் என்ன சொன்னாலும் நம்பலாம், வாயை மூடினாள் என்பதை மட்டும் நம்ப முடியாது.

ஷோபனாவுக்கு ஐம்பத்தொரு வயது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றங்கரையில், அப்பா குத்தகைக்கு எடுத்து உழுத நிலத்தை ஒட்டியே வீடு. மன்னார்குடியில் பி.ஏ. படித்தாள். கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டு, இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தாள். அண்டா, குடம், கட்டில், பீரோ எல்லாம் ஒரு மினி லாரியில் வந்து இறங்கியபோது தெருவே நின்று பார்த்தது. எதிர்வீட்டுக்காரி ஒன்றும் தெரியாதவள் போல, "என்னம்மா இதெல்லாம்?" என்றாள்.

"திரும்புசீர்" என்றாள் ஷோபனா.

கேட்டவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வீட்டுக்குள் போய்விட்டாள். சூர்யாவுக்கு அப்போது பதினேழு வயது. அவனுக்குத் தெரிந்து அக்கா செய்த முதல் சொல் அதுதான். அதற்குப் பிறகு கும்பகோணத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. ஒன்றுக்குப் பேர் வைத்துவிட்டால் அது பாதி அடங்கிவிடும் என்பது அவள் கட்சி.

பல வருஷம் எங்கெங்கோ டைப் அடித்த பிறகு, டவுனில் இ-சேவை மையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. அங்கேதான் அவளுக்கு உண்மையில் வேலை வந்தது. சிட்டா, அடங்கல், சாதிச் சான்றிதழ் என்று நாள் பூராவும் வரிசை நிற்கும். சர்வர் படுத்திருக்கும். போனைக் கையில் ஏந்திக்கொண்டு, வராத நம்பருக்காகக் கண் இமைக்காமல் நிற்பவர்களைப் பார்த்து, "ஓடிபி விரதம் இருக்கறவங்க எல்லாம் அந்தப் பெஞ்சுல உட்காருங்க, பாரணை நேரத்துல கூப்பிடுறேன்" என்பாள். நாற்பது வருஷம் நாற்றுப் பறித்து, களை எடுத்து, கட்டைவிரல் வழவழவென்று தேய்ந்துபோன காத்தான் என்ற கிழவருக்கு மெஷின் ஐந்து தடவை கைவிரித்தது. "நான் நான்தானுங்கம்மா" என்று அவர் குரல் உடைந்தபோது, ஷோபனா அவர் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"உங்களுக்கு ரேகைவறட்சிங்க. உங்க ரேகையெல்லாம் வயல்லதான் கிடக்கு, அரிச்சு எடுத்துக்கிட்டு வாங்க."

வரிசை மொத்தமும் சிரித்தது, காத்தானும் சிரித்தார். அடுத்த வாரம் முன்பின் தெரியாத ஒரு ஆள் கவுண்டருக்கு வந்து, "எனக்கும் ரேகைவறட்சிங்க, கண்ணை மெஷின்ல வச்சுப் பார்த்துக்கிடுங்க" என்றாராம். அன்றைக்கு அவள் குரூப்பில் போட்ட குரலில் இருந்த பெருமையை சூர்யா இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான்.

குரூப்பின் பேர் வாயாடி சங்கம். பெரியப்பா வீடு, அத்தை வீடு என்று பதினாலு பேர். யாரும் ஒரே ஊரில் இல்லை. தினம் காலையில் ஷோபனா ஒரு சொல்லைக் குரலில் போடுவாள், அர்த்தம் சொல்லமாட்டாள். ஆளாளுக்கு அர்த்தம் யூகித்து எழுத வேண்டும். சாயங்காலம் கவுண்டரை மூடிவிட்டு வந்து விடை சொல்லுவாள். யார் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் அரை மார்க்தான். முழு மார்க் வாங்கிய ஆள் கிடையாது. வாட்ஸ்அப்பில் டைப்பிங் என்று வந்து வந்து நின்று, கடைசியில் ஒன்றும் வராமல் போவதற்கு விரல்விக்கல். படித்ததற்கு அடையாளமாக இரண்டு டிக்கும் நீலமாகி, பதில் மட்டும் வராமலிருப்பதற்கு நீலமௌனம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு மனுஷன் வாழ்நாளில் நின்று தீர்க்கிற நேரத்துக்குக் கேட்டாயுசு. ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லி நாலு வருஷமாக வராத வெளிநாட்டுத் தம்பிக்கு அடுத்தவருசன்.

அந்த அடுத்தவருசனுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரிலிருந்து போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே யாருக்கு என்ன என்று பதறுவான். அப்பா போனது, அம்மா போனது, இரண்டும் அப்படி வந்த போன்கள்தான். அதற்கும் அக்கா பேர் வைத்திருந்தாள், பதறுமணி. பேர் வைத்ததோடு விடாமல் ஒரு வழியும் செய்தாள். அவனைக் கூப்பிடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் 'சும்மா' என்று ஒரு மெசேஜ் போடுவாள். அதைப் பார்த்துவிட்டால் அவன் நெஞ்சு அடங்கும், பிறகு மணி அடிக்கும். பதினோரு வருஷமாக அவள் ஒரு தடவைகூட 'சும்மா' போடாமல் கூப்பிட்டதில்லை. அவனும் திரும்ப அப்படித்தான்.

டீக்கடை நிழலில் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த சூர்யாவுக்குச் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. அந்தத் துண்டுச் சீட்டு உறுத்தியது. விரதம் என்றால் வாய்க்குத்தானே, கைக்கு ஏது விரதம்? ஊர்க்காரர்களின் ஆதார் நம்பரையே மனப்பாடமாகச் சொல்லுகிறவளுக்குத் தன் போன் நம்பரை எழுத வராதா?

"பாய், அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு மச்சானைக் கேட்க முடியுமா?"

"ஏம்பா, நல்ல மந்திரமா இருந்தா நமக்கும் ஆகுமேன்னா?"

சூர்யா போனைத் திறந்தான்.

திங்கட்கிழமை, போகி. மையத்துக்கு லீவு, அக்கா வீட்டுக்கு வெள்ளையடிப்பதாக இருந்தாள். அன்று காலை ஏழு நாற்பதுக்கு அவளிடமிருந்து ஒரு போன் வந்து, எடுக்காமல் நின்றிருந்தது. அவன் இன்ஜினியரோடு வண்டியில் போய்க்கொண்டிருந்த நேரம். அதற்கு முன்னால் 'சும்மா' இல்லை. நாலு நிமிஷம் கழித்துக் குரூப்பில் ஒரு குரல் வந்து விழுந்தது. அதைப் பார்த்ததும்தான், ஏதோ கை பட்டு அடித்திருக்கிறது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அவன் நிம்மதியானான். அது இப்போது நினைவுக்கு வந்தது.

குரலைக் காதோடு வைத்துக் கேட்டான்.

"தெப்பூரி" என்றாள் அக்கா, சாதாரணமாக, தண்ணீர் கேட்பதைப் போல. கொஞ்சம் நிறுத்தி, தவறாகச் சொல்லிவிட்டதைத் திருத்துகிறவள் போல, "தெப்...பூரி" என்றாள். மறுபடியும் அதே சொல். இந்தத் தடவை அது கேள்வியாக இருந்தது. பிறகு மூச்சு மட்டும்.

அதன் கீழே பெரியப்பா மகன் தமிழரசன் ஓசூரிலிருந்து முதல் ஆளாக எழுதியிருந்தான்: 'போகிக்குப் பழைய சார்ஜரை எரிக்கலாமா, எந்த போனுக்காவது ஆகுமான்னு கையில வச்சுக்கிட்டு நிக்கிறது.' அதற்கு ஏழு சிரிப்பு. சூர்யாவின் பதிலும் இருந்தது: 'வாழ்த்து வந்த ஸ்டிக்கரை வந்தவனுக்கே திருப்பி அனுப்பிட்டு முழிக்கிறது. அரை மார்க் போடு.' அதற்கு ஒன்பது சிரிப்பு. மூன்று தடவை சொன்னதை அக்காவின் நடிப்பு என்று எல்லாரும் பாராட்டியிருந்தார்கள். சாயங்காலம் விடை வரவில்லை. பண்டிகை மும்முரத்தில் யாரும் கேட்கவுமில்லை.

பொங்கலன்று அவன் டபுள் ஷிப்டில் இருந்தான். பானை பொங்குகிற ஸ்டிக்கர் ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அந்த ஸ்டிக்கருக்குப் பதிலாகத்தான் அந்த நாற்பது விநாடி வந்திருந்தது. இப்போது மறுபடியும் கேட்டான். ஏற்றமும் இறக்கமும் அச்சு அசல் அக்கா. எங்கே நிறுத்துவாள், எங்கே இழுப்பாள் என்பதெல்லாம் மாறவே இல்லை. சொல் ஒன்றுகூடச் சொல்லாக இல்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் 'சூர்யா' மாதிரி ஏதோ கேட்டது. அதுவும் நிச்சயமில்லை. கடைசியில் அவள் அழுதிருக்கிறாள். போன தடவை கேட்டபோது அதைச் சிரிப்பு என்று நினைத்திருந்தான்.

'அக்கா தனி மொழியே கண்டுபிடிச்சிட்டா, அடுத்து இலக்கணம் போடுவா' என்று தமிழரசன். பதினோரு சிரிப்பு. அந்தப் பதினொன்றில் ஒன்று சூர்யாவுடையது.

அதற்குப் பிறகு குரூப்பில் அவள் எதுவும் போடவில்லை.

அக்காவைக் கூப்பிட விரல் போனது. கூப்பிடவில்லை. அவள் எடுத்து மறுபடியும் 'தெப்பூரி' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. போனைக் கையில் பிடித்தபடியே கம்பெனி கிளினிக்குக்கு நடந்தான். விஷயம் முழுக்கப் புரியாவிட்டாலும் ஹாஜா மைதீன் பின்னாலேயே வந்தார்.

டாக்டர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். இரண்டு குரலையும் இரண்டு தடவை கேட்டார்.

"இவங்க எப்பவும் இப்படிப் பேசறவங்களா?"

"ஆமா டாக்டர்... இல்ல. புதுசு புதுசா வார்த்தை சொல்லுவா. இப்படி இல்ல."

"எப்போ ஆரம்பிச்சது?"

"திங்கக்கிழமை காலைல."

டாக்டர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். வியாழக்கிழமை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நேர்ல பார்க்காம உறுதியா சொல்ல முடியாது. மூளைல ரத்தக்குழாய் அடைச்ச மாதிரி தெரியுது. கை கால் இழுக்காம பேச்சை மட்டும் தொடுறது உண்டு. எழுத்தும் போயிடும். இதுக்கு முதல் சில மணி நேரம்தான் முக்கியம். அது போயிடுச்சு."

"இப்ப கூட்டிட்டுப் போனா?"

"கண்டிப்பா கூட்டிட்டுப் போகணும். இன்னிக்கே. அடுத்தது வராம தடுக்கறதுக்கு."

"பேச்சு வருமா டாக்டர்?"

"சிலருக்குக் கொஞ்சம் வரும். பயிற்சி குடுத்து, மாசக்கணக்குல. பழைய மாதிரி வரும்னு நான் சொல்ல மாட்டேன்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "சிலருக்குத் தான் பேசறது தப்புன்னே தெரியாது. இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, ஒவ்வொரு தடவையும் திருத்தப் பார்க்கறாங்க. அதனாலதான் பேசறதையே நிறுத்திட்டாங்கன்னு நினைக்கிறேன்."

வராந்தாவில் நின்று சூர்யா குந்தவைக்குப் போன் போட்டான். இ-சேவை மையத்தில் ஷோபனாவுக்குப் பக்கத்துக் கவுண்டர்ப் பெண். பண்டிகைக்காக நாலு நாள் மையம் பூட்டிக் கிடந்ததால் அவளும் அக்காவைப் பார்த்திருக்கவில்லை. அவன் விஷயத்தைச் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமைகூட எனக்குப் போன் பண்ணி, திங்கக்கிழமை வெள்ளையடிக்க வா, உனக்கும் ஒரு பிரஷ் வச்சிருக்கேன்னாங்கண்ணே. நான்தான் போகல" என்றாள். "வண்டி எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன். வைங்க."

இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் ஹாஜா மைதீன் மச்சானிடம் விசாரித்துவிட்டார். வேம்புவின் பர்சிலிருந்த அந்தச் சீட்டைப் படம் பிடித்து அனுப்ப வைத்திருந்தார். பாதி எண், பாதி எழுத்து. ஒவ்வொன்றையும் எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தது. ஷோபனாவின் கையெழுத்து மட்டும் எப்போதும்போல் குண்டு குண்டாக, அழகாக இருந்தது. ஹாஜா மைதீன் அதைக் காட்டிவிட்டுத் தன் போனை அவன் கையிலேயே கொடுத்தார்.

"இதுல அந்தப் புள்ளைய கூப்பிட்டுப் பேசுப்பா. உன் போனை அக்காவுக்கு வச்சுக்க."

குந்தவை மூச்சிரைக்கப் பேசினாள்.

"வந்துட்டேண்ணே. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். சன்னல் வழியா பார்த்தேன், உட்கார்ந்திருக்காங்க. குளிச்சு, தலை வாரி, நல்லாத்தான் இருக்காங்க பார்க்கறதுக்கு. பாதிச் சுவருக்கு வெள்ளையடிச்சு அப்படியே கிடக்கு."

"கதவைத் திறக்கச் சொல்லும்மா."

"சொல்றேன். என்னைப் பார்க்கறாங்க, வேணாம் வேணாம்னு தலையாட்டறாங்க. வாயைக் கையால பொத்திக்கிட்டு..." அவள் குரல் சன்னல் பக்கம் திரும்பியது. "கேலி பண்ணவா வந்திருக்கேன் நான்? திறங்கக்கா."

"நூத்தியெட்டுக்குச் சொன்னியா?"

"வரும்போதே சொல்லிட்டேன். கிளம்பியாச்சாம். கேட்டு போட்டிருக்காம், கூட்ஸ் வண்டி ஒண்ணு மெதுவா போய்க்கிட்டிருக்காம். அந்தப் பக்கம் நிக்குது."

கேட்டாயுசு என்ற சொல் சூர்யாவின் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான். அது கணக்கெடுக்க ஆரம்பித்தது யாருடைய ஆயுசை என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

"கதவை உடைக்க ஆள் கூப்பிடட்டுமாண்ணே? பயந்துடுவாங்களோன்னு இருக்கு. நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. நீங்கன்னா எடுப்பாங்க. மடியிலதான் போனை வச்சுக்கிட்டிருக்காங்க."

ரீசார்ஜ் எதற்கென்று இப்போது புரிந்தது. தன்னால் பேசமுடியாத போனுக்குச் சைகை காட்டி ரீசார்ஜ் செய்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவன் தன் போனை எடுத்தான். அந்த நேரம் பார்த்து வாயாடி சங்கத்தில் தமிழரசனிடமிருந்து ஒன்று வந்து விழுந்தது: 'என்னக்கா, ரெண்டு நாளா கடை அடைப்பா? தெப்பூரிக்கு விடையாவது சொல்லு. அரை மார்க்குக்காகக் குடும்பமே காத்திருக்கு.' அதற்குக் கீழே அத்தை வீட்டிலிருந்து ஒரு சிரிப்பு.

சூர்யா அதை விலக்கிவிட்டு அக்காவின் பக்கத்துக்குப் போனான். மூன்று தடவை தப்பாக அடித்து, நாலாவது தடவை சரியாக அடித்தான்.

'சும்மா.'

இரண்டு டிக் விழுந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நீலமானது. பார்த்துவிட்டாள். இந்த ஒரு சொல்லையாவது அவளால் படிக்க முடிந்ததா, கண்ணுக்குப் பட்டது என்பதோடு சரியா, தெரியவில்லை. டைப்பிங் என்று மேலே வந்தது. நின்றது. வந்தது. நின்றது. இன்னொரு தடவை வந்து வெகுநேரம் அப்படியே இருந்தது. ஒன்றும் வரவில்லை.

அவன் கூப்பிட்டான்.

வலது காதில் மணி போகத் தொடங்கியது. இடது காதில் ஹாஜா மைதீனின் போன். அதில் குந்தவையின் மூச்சுக்குப் பின்னால், சன்னலுக்கு உள்ளேயிருந்து, அதே மணி தூரத்தில் கேட்டது.

"அடிக்குதுண்ணே" என்றாள் குந்தவை மெதுவாக. "கையில எடுத்துட்டாங்க. உங்க பேரைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க."

"எடுக்கச் சொல்லும்மா. பேச வேணாம்னு சொல்லு. சும்மா எடுத்தா போதும்னு சொல்லு."

குந்தவை சன்னலுக்குள் பார்த்து அதைச் சொன்னாள். இரண்டு காதிலும் மணி போய்க்கொண்டே இருந்தது.